சங்கு ஓய்ந்த இடத்தில் சாப்பாட்டுக் கடை

மும்பை லோயர் பரேலில் ‘பாம்பே கேன்டீன்’ என்ற உணவகம் இருக்கிறது. அதன் முகவரியை நிதானமாகப் படித்தாலே அந்தப் பேட்டையின் பாதிக் கதை வந்துவிடும். ப்ராசஸ் ஹவுஸ், கமலா மில்ஸ், சேனாபதி பாபட் மார்க். ப்ராசஸ் ஹவுஸ் என்றால் தறியிலிருந்து இறங்கிய துணியை வெளுத்து, சாயமேற்றி, மெருகு போட்டு அனுப்பும் கூடம். சாலைக்குப் பழைய பெயர் துளசி பைப் ரோடு. துளசி ஏரித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்த குழாய் அந்த வழியாகப் போனது. சாயக்கூடம் போய்விட்டது, மில் போய்விட்டது, பெயர் மட்டும் பில்லில் அச்சாகிறது. போதாக்குறைக்குக் கடைக்கே ‘கேன்டீன்’ என்று பெயர்.

2015-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபிளாய்ட் கார்டோஸ். பம்பாயில் பிறந்து, நியூயார்க்கில் ‘தப்லா’ உணவகத்தின் மூலம் இந்தியச் சமையலுக்கு அமெரிக்காவில் மரியாதை தேடிக்கொடுத்தவர். 2020 மார்ச்சில், கொரோனாவின் முதல் அலையிலேயே அமெரிக்காவில் காலமானார். இந்த ஊரின் தெருச்சாப்பாட்டையும் வீட்டுச்சாப்பாட்டையும் வெள்ளைத் தட்டில், காக்டெய்லோடு, கூச்சமில்லாமல் வைக்கலாம் என்று காட்டிய கடைகளில் பாம்பே கேன்டீன் முக்கியமானது. கமலா மில்ஸ், மதுராதாஸ் மில்ஸ், டோடி மில்ஸ், ஃபீனிக்ஸ் மில்ஸ் என்று கால் மணி நேர நடைக்குள் இருக்கும் வளாகங்களில் இத்தாலிய பாஸ்தா முதல் ஜப்பானிய சூஷி வரை கிடைக்கும். வெள்ளிக்கிழமை இரவு மேஜை வேண்டும் என்றால் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கட்டடம் விற்பவர்கள் இந்தப் பகுதியை ‘அப்பர் வொர்லி’ என்று அழைத்துப் பார்த்தார்கள். லோயர் என்பதை அப்பர் ஆக்கினால் சதுர அடி விலையும் ஏறும் அல்லவா. உள்ளூர்க்காரர்களுக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பயன்பட்டது.

பக்கத்து ரயில் நிலையம் கரி ரோடு. தமிழ்க் காதுக்குக் கறி என்று கேட்கும். சாப்பாட்டுக் கட்டுரைக்கு எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். கறிக்கும் அதற்கும் உறவில்லை. கரி என்ற ரயில்வே அதிகாரியின் பெயர் அது.

ஆனால் இந்த வட்டாரமே சாப்பாட்டைச் சுற்றித்தான் ஒரு காலத்தில் சுழன்றது. அது வேறு சாப்பாடு.

1854-இல் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் தார்தேவ் பகுதியில் பம்பாயின் முதல் பஞ்சாலைக்கு அடித்தளம் போட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து லங்காஷயருக்குப் பருத்தி போவது நின்றபோது, பம்பாய் வணிகர்கள் கையில் பணம் புரண்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி மில்களாக எழுந்தது. பரேல், லால்பாக், சிஞ்ச்போக்லி, வொர்லி, பைகுல்லா எல்லாம் சேர்ந்து ‘கிரண்காவ்’ ஆயிற்று. மராட்டியில் கிர்ணி என்றால் மில்; நெல்லும் மாவும் அரைக்கிற மெஷினுக்கும் அதே சொல்தான். மில் ஊர் என்பது நேர்ப்பொருள். சுமார் 600 ஏக்கர் மில் நிலம். உச்சத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு வேலை.

ஆட்கள் கொங்கணக் கரையின் ரத்னகிரியிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் சாத்தாராவிலிருந்தும் வந்தார்கள். மனைவி மக்கள் ஊரில். ஆண் மட்டும் நகரத்தில். ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்பில் பத்துக்குப் பத்து அறை. அதில் பத்துப் பேர், இருபது பேர்கூட இருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க முடியாது, படுக்கவும் வேண்டியதில்லை. மில் மூன்று ஷிஃப்ட் ஓடியது. ஒருவன் எழுந்து போன பாயில் இன்னொருவன் வந்து விழுவான். ஆலைச் சங்கு ஊதும்போது பாதித் தெரு எழும், பாதித் தெரு தூங்கப் போகும்.

அத்தனை பேருக்கும் யார் சமைப்பது? விடை, காணாவள். தமிழில் மெஸ் என்று சொல்லலாம், ஆனால் பெயர்ப்பலகை மாட்டிய மெஸ் இல்லை. அதே சாலில், அதே பத்துக்குப் பத்து அறையில், ஒரு பெண் இருபது முப்பது பேருக்குச் சமைத்துப் போடுவாள். பெரும்பாலும் மில் தொழிலாளியின் மனைவி, அல்லது மில் தொழிலாளியின் விதவை. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு விடிவதற்குள் ரொட்டி தட்டியாக வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும். மில் வாசலுக்கு டப்பா போகும். காசு மாதக் கணக்கு. சம்பளம் வந்ததும் பற்றுத் தீரும். அதுவரை மளிகைக் கடைக்காரனிடமும் வட்டிக்காரனிடமும் அவள் கடன் சொல்லிச் சமாளிப்பாள். மில் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அவளுக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் மாதக் கடைசி வரை அவன் ஆட்களுக்குச் சோறு போட்டது அவளுடைய கடன்தான்.

காணாவள்களிலும் ஊர் உண்டு. மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்குச் சோள ரொட்டியோ கம்பு ரொட்டியோ, கூடவே கடலை மாவில் கிளறிய ஜுண்கா, பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து இடித்த டேச்சா. கொங்கணத்துக்காரர்களுக்குச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும். மீன் வாங்க வழியில்லாத நாளில் பொம்பில் கருவாடு. குடம்புளிக்கு உறவான கோகமும் தேங்காய்ப் பாலும் கலந்த இளஞ்சிவப்பு சோல்கடி, வயிற்றைக் குளிர வைக்க. இன்று மும்பையில் ‘மால்வணிச் சாப்பாடு’ என்று பெருமையாகப் போர்டு மாட்டுகிற கடைகளின் பண்டங்கள் பலவும் இந்த அறைகளில் வெந்தவைதான்.

ஊர் இருந்ததுபோல் சாதியும் இருந்தது. யார் கையால் யார் சாப்பிடுவது என்ற கேள்வி அடுப்பங்கரையில் நிற்கவில்லை, தறிக் கூடத்துக்குள்ளும் போனது. நாடாவில் நூல் தீர்ந்தால் புது நூலை வாயால் உறிஞ்சி இழுத்து மாட்ட வேண்டும். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டிய வேலை. அதைக் காரணம் காட்டி, கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவிடாமல் தடுத்தார்கள். தொழிலாளர் ஒற்றுமை பேசிய சங்கங்களிடம் அம்பேத்கர் இந்தக் கேள்வியை 1920-களிலேயே எழுப்பினார். அவர் எங்கிருந்தோ பார்த்துப் பேசியவரும் இல்லை. பரேலில் ஒரு சாலில் பல வருடம் குடியிருந்தவர்.

சாப்பாட்டு வேளைக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சென்னை வாசகருக்குத் தனியே விளக்க வேண்டாம். பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த அரை மணி நேரம். வெளியே ஓடி, விழுங்கி, கதவு மூடுவதற்குள் திரும்பி ஓடிவர வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி வைத்த பி.பி. வாடியா, பம்பாயில் பிறந்த பார்சி. ஜவுளி வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. பிறகு அதன் கூடங்களைத் தமிழர்கள் அதிகம் பார்த்தது சினிமாவில்தான், நாயகன் வில்லனின் ஆட்களைத் தூக்கி எறியும் காட்சிகளில்.

பம்பாய்க்குத் திரும்புவோம்.

தெருவிலும் ஒரு சாப்பாடு உருவாகிக்கொண்டிருந்தது. 1966-இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் உருளைக்கிழங்கு வடையைப் பாவ் ரொட்டிக்குள் வைத்து விற்க ஆரம்பித்தார் என்பது மும்பை பரவலாக ஏற்றுக்கொண்ட வரலாறு. வடா பாவுக்குத் தட்டு வேண்டாம், உட்கார இடம் வேண்டாம், ரயிலைப் பிடித்துக்கொண்டே தின்னலாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சட்டைப் பையில் சில்லறையும் கையில் ஐந்து நிமிடமும் உள்ளவனுக்காகவே செய்ததுபோல் அமைந்த பண்டம்.

1982 ஜனவரி 18 அன்று தறிகள் நின்றன. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வும் போனசும் கேட்டார்கள். தங்களுக்குப் பிடிக்காத சங்கத்தை மட்டுமே அங்கீகரித்த சட்டத்தை நீக்கவும் கேட்டார்கள். அரசும் முதலாளிகளும் அசையவில்லை. ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்தது வருடத்தைத் தாண்டியது. அதிகாரப்பூர்வமாக யாரும் அந்த வேலைநிறுத்தத்தை முடித்து வைக்கவே இல்லை. ஆகையால் சட்டப்படி பார்த்தால் இன்னும் நடக்கிறது என்று பரேலில் கசப்பாகச் சொல்வார்கள். சாமந்த் 1997 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த மாதங்களில் காணாவள்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க மேதை வேண்டாம். சாப்பிட்டவனுக்குச் சம்பளமில்லை, சமைத்தவளுக்குப் பற்று ஏறியது. சிலர் ஊர் திரும்பினார்கள், பாக்கி நகரத்தில் தங்கிவிட்டது. மில் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றை மீனா மேனனும் நீரா அடார்கரும் 2004-இல் நூலாகத் தொகுத்தார்கள். வேலைநிறுத்தங்களின் நாயகர்களாக மேடையில் நின்றவர்களோடு, அடுப்பின் முன் நின்றவர்களையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்த முயற்சி அது.

அவர்களை முன்பே கண்டுகொண்டவர் பிரேமா புரவ். கோவா விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்த இடதுசாரித் தொழிற்சங்கக்காரர். வட்டிக்காரனிடமிருந்து இந்தப் பெண்களை மீட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று கணக்குப் போட்டு, 1975-இல் 14 பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத, ஈடு வைக்க எதுவுமில்லாத பெண்களுக்கு வங்கி கடன் கொடுப்பது அப்போது விந்தை. கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். மில்கள் மூடியபோது அமைப்பு அலுவலகங்களுக்கு டப்பா, கேட்டரிங் என்று வேறு வயிறுகளைத் தேடிப் போனது. அரசு அவருக்கு 2002-இல் பத்மஸ்ரீ கொடுத்தது.

மில் நின்றால் மிஞ்சுவது இரண்டு: ஆட்களும் நிலமும். நிலத்துக்குத்தான் கிராக்கி.

1991-இல் வந்த கட்டட விதி கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மில் நிலத்தை மூன்று கூறாக்கு. ஒன்று பூங்காவும் மைதானமுமாக ஊருக்கு, ஒன்று மலிவு வீடுகளுக்கு, ஒன்று முதலாளிக்கு. 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு மில் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடலாம் என்று வரைபடமே போட்டுக் கொடுத்தது. 2001-இல் விதியில் ஒரு திருத்தம் நுழைந்தது. பங்கு போட வேண்டியது முழு நிலத்தையும் அல்ல, ஏற்கெனவே காலியாக இருக்கும் இடத்தை மட்டும் என்றாயிற்று. மில் வளாகம் என்றால் முக்கால்வாசி கூடம்தானே? ஊருக்கு வரவேண்டிய பங்கு ஒரே வரியில் சுருங்கிப் போனது. சூழலியல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. இதற்கிடையே 2005-இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் ஏலம் விட்ட நிலங்களில் ஒன்றான மும்பை டெக்ஸ்டைல் மில்லின் 17 ஏக்கர் சொச்சம் 702 கோடி ரூபாய்க்குப் போனது. 2012-இல் அதே நிலம் கைமாறியபோது விலை 2,700 கோடியைத் தாண்டியிருந்தது. அவ்வளவு விலையுள்ள மண்ணில் முப்பது பேருக்கு மாதக் கணக்கில் ரொட்டி தட்ட முடியாது.

ஃபீனிக்ஸ் மில் 1905-இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் அதற்குள் ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடம் வந்தது. அனுமதி வாங்கியபோது காட்டிய காரணம், தொழிலாளர்களின் பொழுதுபோக்கு வசதி. ஒரு ஆட்டத்துக்கு அங்கே கேட்ட காசைக் கொடுத்து எந்த நெசவாளி பந்து உருட்டியிருப்பார் என்று தெரியவில்லை. அதன்பின் மால் வந்தது, சொகுசுக் கடைகள் வந்தன, உணவகங்கள் அடுக்கடுக்காக வந்தன. பழைய புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாடெங்கும் மால் கட்டி நடத்தும் நிறுவனத்தின் பெயர் இன்றைக்கும் ‘ஃபீனிக்ஸ் மில்ஸ் லிமிடெட்’. ஒரு முழம் துணி நெய்யாத மில்.

உணவகக்காரர்கள் மில் கூடங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு, அதில் தவறும் இல்லை. நகரத்தில் வேறெங்கே அவ்வளவு உயரக் கூரை கிடைக்கும்? தறி ஓட இடம் வேண்டும் என்று தூண்களைத் தள்ளித் தள்ளி நட்டிருந்தார்கள். ரம்பப் பல்போல் மடிந்து மடிந்து போகும் கூரையில் கண்ணாடி வைத்த பக்கம் வடக்கைப் பார்க்கும். வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும். அறுந்த நூலைக் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு அது. நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றி வைப்பார்கள். அந்த ஈரத்திலும் பஞ்சுத் தூசியிலும்தான் நுரையீரல்கள் பழுதாயின. ஈரத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது இரவு விருந்துக் கலாசாரம். 2007 கடைசியில் மதுராதாஸ் மில்ஸ் வளாகத்தில் திறந்த ‘ப்ளூ ஃப்ராக்’ இசைக்கூடம் இந்த மாற்றத்தின் முதல் பெரிய அடையாளம். வட்ட வட்டமான இருக்கைக் கிண்ணங்களில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நேரடி இசை கேட்கலாம். 2016-இல் அதுவும் மூடியது. தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாமல் நெசவாளர்கள் கைச்சாடையிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்வார்கள். வளாகத்தின் மதுக்கூடங்களில் சனிக்கிழமை இரவு பேரரிடம் இன்னொரு தட்டு கேட்பவர்களும் அதே பாஷைதான் பேசுகிறார்கள்.

ஆனால் மில் வளாகங்கள் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. வழிகள் அந்தக் காலக் கூட்டத்துக்கு. 2017 செப்டம்பர் 29 காலை, பரேலையும் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைத்த குறுகிய நடைபாலத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். மில் இருந்த இடமெல்லாம் அலுவலகக் கோபுரமாகிவிட்டது. பாலம் மட்டும் பழைய அகலத்தில் நின்றது. சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டியதும் கமலா மில்ஸில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் தீப்பிடித்தது. மூங்கிலும் துணியும் வேய்ந்த பந்தல். அடுத்தடுத்து இரண்டு மதுக்கூடங்கள். 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கழிவறைக்குள் அடைபட்டு மூச்சுத்திணறி. ஹூக்காவின் கரித்துண்டிலிருந்து தீ பரவியது என்றது தீயணைப்புத் துறை விசாரணை. மறுநாளே மாநகராட்சி ஊர் முழுக்க உணவகங்களின் சட்டவிரோதக் கூரைகளை இடிக்கப் புறப்பட்டது. நூற்றுக்கணக்கான இடங்கள் இடிபட்டன. ஒரே நாளில் இத்தனையைக் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு முந்தைய நாள் வரை கண் தெரியவில்லை.

ஆட்கள்? மில் தொழிலாளர்களுக்கு வீடு தருவதாகச் சொன்ன அரசிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது அதில் சிறு பகுதிக்கு. மீதிப் பேருக்கு நகரத்துக்கு வெகு தூரம் தள்ளி, ஷேலு, வாங்கணி ஊர்களில் வீடு தருகிறோம் என்றார்கள். கிரண்காவில் உழைத்தவனுக்குக் கிரண்காவில் இடமில்லையா என்று 2025 ஜூலையில் முதியவர்கள் ஆசாத் மைதானத்தில் கூடினார்கள்.

லால்பாக் பக்கம் நடந்தால் பழைய வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம். மழைக்கு முன், ஏப்ரல் மே மாதங்களில் அங்குள்ள மிளகாய்ச் சந்தில் மராட்டிக் குடும்பங்கள் வருடத்துக்கு வேண்டிய மிளகாயும் மல்லியும் வாங்கி, அங்கேயே வறுத்து, உலக்கை மெஷினில் இடித்துக்கொண்டு போகிறார்கள். தெருவில் நுழைந்தால் தும்மல் நிற்காது. பக்கத்துச் சந்தில் சிவ்டா மலைபோல் குவிந்திருக்கும். ‘லாடு சாம்ராட்’ கடையில் மிசலும் கொத்தமல்லி வடியும் சாப்பிட நின்றுகொண்டே காத்திருப்பார்கள். உட்கார்ந்தவர் எழுந்ததும் மேஜை துடைக்கும் வேகத்தைப் பார்த்தால் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டதோ என்று தோன்றும். இங்கே முன்பதிவு கிடையாது, புகைபோக்கி கிடையாது, மில்லின் பெயரும் கிடையாது. மில் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்கு வளாகத்தின் பெயர்ப்பலகைகளைவிட இந்தச் சந்துதான் சரியான விடை.

நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணிக்கு வளாகத்தின் மதுக்கூடங்கள் மூட வேண்டும். விருந்தாளிகளுக்குக் கார் வந்துவிடும். அதன்பிறகுதான் பாத்திரம் துலக்குகிறவர்களுக்கும் பேரர்களுக்கும் கேட் காவலாளிகளுக்கும் வேலை முடியும். விரார் பக்கமோ கல்யாண் பக்கமோ போக வேண்டியவர்கள். கடைசி லோக்கல் போயிருக்கும். முதல் வண்டிக்கு நாலு மணி ஆகும். சேனாபதி பாபட் மார்க் ஓரத்தில் சைக்கிளின் பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். குட்டைக் கப்பில் டீ, ஒரு பொட்டலம் பிஸ்கட். பாதிப் பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டு மதிலில் சாய்ந்திருப்பார்கள், மீதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். மதிலுக்குப் பின்னால் முன்பு இரவு ஷிஃப்ட் ஓடிய கூடம்.